எஸ்.எல்.ஆர். செய்தே ஆக வேண்டுமா? இலக்கிய மீளாய்வில் யாருக்கு எந்த வகை

முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ பதிந்துகொண்ட நம்மவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இரண்டாம் இயலை வழக்கம்போல் எழுதினால் போதுமா, இல்லை எஸ்.எல்.ஆர். செய்துதான் ஆக வேண்டுமா?" இரண்டாம் இயல் என்பது முன்பு எழுதியவர்களை மீளாய்வு செய்யும் பகுதி. எஸ்.எல்.ஆர். என்பது சிஸ்டமேட்டிக் லிட்டரேச்சர் ரிவியூ, அதாவது முன்கூட்டியே எழுதிவைத்த விதிப்படி முந்தைய ஆய்வுகளைத் தேடி எடைபோடும் முறை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் கேட்கிறார், பினாங்கில் யு.எஸ்.எம். எனும் அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் படிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கேட்கிறார். கூடப் படிக்கும் நண்பர்கள் பாதிப் பேர் சிஸ்டமேட்டிக் ரிவியூ என்கிறார்கள். பட்டறைகளும் அதற்குத்தான் நடக்கின்றன. பட்டம் வாங்க ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற விதி சில இடங்களில் உண்டு. அதனால் இரண்டாம் இயலையே கட்டுரையாக்கிவிடலாம் என்ற கணக்கும் இதில் இருக்கிறது.

அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் தன் ஆய்வு எதற்காக நடக்கிறது என்று சொல்ல முடியாத ஒருவர் மீளாய்வு வகையை மட்டும் முதலில் முடிவு செய்துவிட்டால், பிறகு அந்த வகைக்கு ஏற்றபடி கேள்வியை வெட்டி ஒட்ட வேண்டிவரும். இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

## முதலில், ஆய்வு எதற்காக?

தமிழ்ப்பள்ளி என்ற ஒரே களத்தை எடுத்துக்கொள்வோம். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பை இதன் முதல் படியாகச் சொல்வது வழக்கம். இன்று நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. இந்தக் களத்தில் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி பற்றி இதுவரை என்னென்ன ஆய்வு நடந்திருக்கிறது? இது துழாவும் ஆய்வு. இன்னொருவர்: ஒலிப்புப் பயிற்சி கொடுத்தால் முதலாம் ஆண்டு மாணவர்கள் தமிழ் வாசிப்பில் முன்னேறுகிறார்களா? இது விளைவை அளக்கும் ஆய்வு. மூன்றாமவர்: தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்துப் பிள்ளையை மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் எப்படிப் பார்த்தன? இது பொருள் காணும் ஆய்வு.

தனக்கு முன்னால் எழுதியவர்களைப் படிக்காமல் மூவருக்கும் வேலை ஓடாது. ஆனால் படிப்பதன் நோக்கம் வேறு வேறு. துழாவுபவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அளப்பவருக்குத் தீர்ப்பு வேண்டும்: முந்தைய சோதனைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, அவற்றை எவ்வளவு நம்பலாம். பொருள் காண்பவருக்கு வாதம் வேண்டும்: யார் என்ன சொன்னார்கள், அதில் எதை நான் ஏற்கிறேன், எங்கே மாறுபடுகிறேன்.

இங்கே "ஆய்வு இடைவெளி" பற்றி ஒரு வார்த்தை. "மலேசியாவில் இதுவரை யாரும் செய்யவில்லை" என்ற வரி இல்லாத ஆய்வேட்டைப் பார்ப்பது அரிது. யாரும் செய்யாததற்குச் செய்யத் தேவையில்லை என்பதும் காரணமாக இருக்கலாமே! தவிர, யாரும் செய்யவில்லை என்பதே பல நேரம் உண்மையாகவும் இருப்பதில்லை. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டம் 2003இல் வந்தது. அதைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. பிறகு 2016இல் டி.எல்.பி. என்ற இருமொழித் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் டி.எல்.பி. பற்றிப் போதிய ஆய்வு இல்லை என்று எழுதுகிறவர், பி.பி.எஸ்.எம்.ஐ. காலத்தில் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டவர்களைத் திருப்பிப் பார்த்தாரா? பார்க்காவிட்டால் அவருடைய தேடலில்தான் ஓட்டை. மீளாய்வின் முதல் வேலை, நம் கேள்விக்கு ஏற்கனவே பதில் வந்துவிட்டதா, பாதிப் பதிலாவது வந்திருக்கிறதா என்று நேர்மையாகப் பார்ப்பது. எந்தக் கருவியால் அளந்தார்கள், எங்கே சறுக்கினார்கள், எந்தக் கோட்பாட்டை வைத்துப் பேசினார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்கலாம். ஒன்று, உங்கள் கேள்வி மேலே சொன்ன மூன்றில் எந்த ரகம். இரண்டு, உங்களுக்கு வேண்டிய எழுத்துகள் ஸ்கோப்பஸ் போன்ற இணையக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்கின்றனவா, அலமாரியில் இருக்கின்றனவா. மூன்று, கூட வேலை செய்ய இன்னொரு ஆள் உண்டா. நான்கு, காலமும் செமஸ்டர் கட்டணமும். ஐந்து, படித்து மதிப்பிடப்போவது யார்: உங்கள் தேர்வாளர் குழுவா, ஆய்விதழ் ஆசிரியரா.

இவற்றில் இரண்டாவதைத்தான் நம்மவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள். அதுதான் முதலில் வர வேண்டியது என்பேன். மீளாய்வில் மூன்று வகைகளை இந்த அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால் இப்படி இருக்கும். ஒவ்வொன்றின் விளக்கமும் பின்னால் வருகிறது.

| | விவரிப்பு மீளாய்வு | ஸ்கோப்பிங் ரிவியூ | சிஸ்டமேட்டிக் ரிவியூ |
|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | பொருள் காண, வாதிட | என்ன இருக்கிறது என்று துழாவ | ஒரு குறுகிய கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல |
| எழுத்துகள் எங்கே இருந்தால் நல்லது | நூல், நாளிதழ், முன்னுரை, ஆய்வேடு, எதுவும் | தரவுத்தளமும் ஆய்வேடுகளும் கலந்து | பெரும்பாலும் தரவுத்தளத்தில் |
| ஆள் | ஒருவர் போதும் | ஒருவர் தொடங்கலாம், இருவர் நல்லது | குறைந்தது இருவர் |
| தர மதிப்பீடு | எழுதுபவரின் விமர்சனத்தில் | பொதுவாக இல்லை | கட்டாயம் |
| மறைந்திருக்கும் செலவு | "ஏன் இவற்றை மட்டும்?" என்ற கேள்வி | முடிவில்லாமல் விரியும் | காலம், இரண்டாவது ஆள், வெறும் கையோடு திரும்பும் அபாயம் |

## விவரிப்பு மீளாய்வு

நேரேட்டிவ் ரிவியூ என்று சொல்லப்படும் பழைய வழி இதுதான். படித்ததைப் பொருள்வாரியாகத் தொகுத்து, ஒப்பிட்டு, தன் வாதத்துக்கு வழிசெய்துகொள்வது. பழையது என்பதாலேயே இதை மட்டமாக நினைக்கிறார்கள். சிறுகதை, நாட்டார் வழக்கு, பத்திரிகை வரலாறு, மொழிக்கொள்கை வரலாறு போன்றவற்றில் ஆய்வு செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வகை கிடையாது. காரணம் எளிது. அவருக்கு வேண்டிய பாதி விஷயம் ஒரு தொகுப்பின் முன்னுரையிலோ, மாநாட்டு மலரிலோ, ஞாயிறு பதிப்பிலோ இருக்கும். அதற்குச் சுருக்கமும் இருக்காது, திறவுச்சொல்லும் இருக்காது.

இதில் விழும் குழி நமக்குப் பழக்கமானது. "இவர் 1998இல் இப்படிச் சொன்னார், அவர் 2004இல் அப்படிச் சொன்னார்" என்று பத்திக்கு ஓர் ஆள் வீதம் அடுக்கிக்கொண்டே போவது. நாற்பது பக்கம் படித்தாலும் எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாது. ஆட்களை வைத்துப் பிரிக்காமல் கருத்து மோதல்களை வைத்துப் பிரித்தால் இந்த நோய் பாதி தீரும். தோட்டத்துக் கதைகளை இழப்பின் பதிவாகப் படித்தவர்கள் ஒரு பக்கம், எதிர்ப்பின் பதிவாகப் படித்தவர்கள் ஒரு பக்கம் என்று வைத்துப் பாருங்கள். உங்கள் நிலைப்பாடு தானாகவே கேட்கப்படும்.

மறைமுகச் செலவு வாய்மொழித் தேர்வில் வருகிறது. "இந்த முப்பது நூல்களை எப்படித் தேர்ந்தீர்கள்? எதிர்க்கருத்து சொன்னவர்களை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டால் பதில் வேண்டும். அதற்கு ஒரு பத்தி போதும்: எங்கெங்கே தேடினேன், எந்தக் காலத்தை எடுத்தேன், எதை ஏன் விட்டேன். இதை எழுதிவைக்கும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் குறைவு.

## ஸ்கோப்பிங் ரிவியூ

ஒரு துறையில் என்ன நடந்திருக்கிறது என்று பரவலாகப் பார்ப்பது. ஹிலரி ஆர்க்சி, லிசா ஓமாலி இருவரும் 2005இல் வகுத்த சட்டகத்தைத்தான் இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்: கேள்வியை வகுப்பது, தேடுவது, தேர்ந்தெடுப்பது, விவரங்களை அட்டவணையில் பதிவது, தொகுத்துச் சொல்வது. ஆறாவது படி ஒன்றையும் விருப்பத்துக்கு விட்டார்கள். துறையோடு தொடர்புள்ளவர்களைக் கலந்து பேசுவது.

தமிழ்ப்பள்ளி ஆய்வுக்கு அந்த ஆறாவது படி தங்கமானது. தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருப்பவர் என்று நாலு பேரிடம் அட்டவணையைக் காட்டினால், "இதைப் பற்றி எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆய்வு செய்தாரே" என்று எந்தத் தேடுபொறிக்கும் சிக்காத ஒன்றைச் சொல்வார்கள்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கோப்பிங்கில் பொதுவாகத் தர மதிப்பீடு இல்லை. ஆகவே "இந்தப் பயிற்சி பலன் தருகிறது" என்று முடிவுரையில் எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. என்னென்ன பயிற்சிகள் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லலாம். இந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் ஏராளம். இன்னொரு செலவு: கேள்வி அகலமானது என்பதால் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கும். நிறுத்தும் இடத்தை மேற்பார்வையாளரோடு பேசி முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

## சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது எஸ்.எல்.ஆர்.

இந்த முறை பெரிதாக வளர்ந்தது மருத்துவத்தில். ஒரே சிகிச்சையைச் சோதித்த ஆய்வுகள் பல, முடிவுகளோ முரண்படுகின்றன. மருத்துவர் எதை நம்புவது? அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 1993இல் பிரிட்டனில் காக்ரேன் அமைப்பு உருவானது. எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொல்லால், எந்த ஆண்டிலிருந்து தேடுவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் தேடும் முன்பே எழுதிப் பூட்டிவிட வேண்டும். வந்தவற்றை இருவர் தனித்தனியாக வடிகட்ட வேண்டும். தேறியவற்றின் தரத்தை மதிப்பிட வேண்டும். இன்னொருவர் அதே வழியில் போனால் அதே இடத்துக்கு வர வேண்டும்.

எல்லாரும் பேசும் பிரிஸ்மா, இவற்றை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்லும் 27 அம்சப் பட்டியல். 2009இல் வந்து 2020இல் புதுப்பிக்கப்பட்டது. ஸ்கோப்பிங் ரிவியூவுக்கான தனி வடிவம் 2018இல் வந்தது. கவனியுங்கள், அது அறிக்கை எழுதுவதற்கான வழிகாட்டி. "பிரிஸ்மா முறையில் ஆய்வு செய்தேன்" என்று எழுதினால் விவரம் தெரிந்த தேர்வாளர் அங்கேயே பிடிப்பார். எத்தனை கட்டுரை கிடைத்தது, எத்தனை தேறியது என்று பெட்டியும் அம்புக்குறியும் போட்டுக் காட்டும் படத்தை ஒட்டிவிட்டால் எஸ்.எல்.ஆர். ஆகிவிடாது.

இனி செலவு. மீளாய்வுத் திட்டங்களை முன்பதிவு செய்யும் புரோஸ்பெரோ பதிவேட்டில் இருந்த 195 மீளாய்வுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. பதிவு செய்ததிலிருந்து வெளியாகும் வரை சராசரியாக 67 வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு மீளாய்வுக்குச் சராசரியாக 5 பேர் எழுதியிருந்தார்கள். அவை மருத்துவம் சார்ந்தவை, நம்முடையது அவ்வளவு பெரிதாக இருக்காது, சரி. ஆனாலும் பகல் முழுக்கப் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு இரவில் உட்காரும் தனி ஆள் இதை ஒரு செமஸ்டரில் முடிப்பதாகத் திட்டம் போடுவது நடக்காத காரியம்.

இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவார்? கூடப் படிக்கும் நண்பர் ஒருவர் பட்டியலில் ஒரு பகுதியையாவது தனியாக வடிகட்டித் தந்தால், இருவர் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டுக் காட்டலாம். ரையான் போன்ற வடிகட்டும் செயலிகளில் இது சுலபம். பதிலுக்கு நீங்களும் அவருடைய பட்டியலை வடிகட்ட வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். திட்டத்தை முன்பதிவு செய்யும் இடமும் சிக்கல்தான். யார்க் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய புரோஸ்பெரோ, உடல்நலம் சார்ந்த மீளாய்வுகளை மட்டும்தான் ஏற்கும். கல்வி ஆய்வாளர்கள் பெரும்பாலும் எல்லாத் துறைக்கும் திறந்திருக்கும் ஓ.எஸ்.எஃப். என்ற இணையதளத்துக்குத்தான் போகிறார்கள்.

தேடுசொல் பிரச்சினை நமக்கே உரியது. தமிழ்ப்பள்ளியைக் கட்டுரைகளில் தமிழ் ஸ்கூல் என்பார்கள், நேஷனல் டைப் ஸ்கூல் என்பார்கள், வெர்னாகுலர் ஸ்கூல் என்பார்கள். மலாயில் செக்கோலா தமிழ், எஸ்.ஜே.கே.டி. எழுதுவதிலும் அடைப்புக்குறி போட்டும் போடாமலும் பல வடிவம். ஒன்றை விட்டாலும் சில கட்டுரைகள் போய்விடும். மூன்று மொழியிலும் சொற்பட்டியல் தயாரிக்காமல் எஸ்.எல்.ஆர். தொடங்காதீர்கள்.

ஆண்டு எல்லை இன்னொன்று. "கடந்த பத்தாண்டு" என்று எல்லாரும் போடுகிறார்கள், ஏன் பத்து என்று கேட்டால் விழிக்கிறார்கள். கே.எஸ்.எஸ்.ஆர். எனும் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கியது 2011இல், ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒழிக்கப்பட்டது 2021இல். இப்படிக் களத்தில் நடந்த மாற்றத்தை வைத்து எல்லை போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அப்புறம், மிகப் பெரிய அபாயம். "மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஒலிப்புப் பயிற்சி" என்று குறுக்கிவிட்டு, கடைசியில் நாலைந்து கட்டுரையோடு நிற்பது. நாலைந்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. கேள்வியை நாட்டை வைத்து வரையறுக்காமல் எழுத்துமுறையை வைத்து வரையறுங்கள். உயிர்மெய் அமைப்பு கொண்ட கன்னடம், இந்தி, சிங்களம் போன்ற மொழிகளில் பிள்ளைகள் வாசிக்கக் கற்பது பற்றிய ஆய்வுகளையும் சேர்த்தால் எடைபோட ஏதாவது கிடைக்கும். தமிழ்ப்பள்ளி உங்கள் சொந்தக் களமாக, ஆய்வு முறையைச் சொல்லும் மூன்றாம் இயலில் வரட்டும்.

எண்களை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் இதற்கும் அடுத்த படி. ஜீன் கிளாஸ் 1976இல் அந்தப் பெயரைக் கொடுத்தார். ஒரே மாதிரி அளந்த ஆய்வுகள் போதிய அளவு இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். வி.ஓ.எஸ்.வியூவர் என்ற மென்பொருள் கொண்டு, கட்டுரைகளின் எண்ணிக்கையையும் தொடர்பையும் வண்ண வண்ணக் குமிழ்ப்படமாகப் போடும் பிப்லியோமெட்ரிக் ஆய்வும் இப்போது இங்கே பரவியிருக்கிறது. பெரிய ஆங்கிலத் துறை ஒன்றின் போக்கைக் காட்ட அது உதவும். தமிழ் ஆய்வுக்கு அதைப் போட்டால், ஸ்கோப்பஸுக்குத் தெரிந்த தமிழ் உலகம் எவ்வளவு சிறியது என்று மட்டும்தான் படம் காட்டும்.

## அலமாரியில் இருப்பவை

ஸ்கோப்பஸ் தேடலை மட்டும் நம்பினால் நம் ஆய்வு மரபில் பெரும்பகுதி கண்ணில் படாது. தனிநாயகம் அடிகள் முன்னின்று 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைகள், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிய ஆய்வேடுகள், 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பக்கங்கள் ஆகியவற்றை நேரில் போய்த்தான் தேட வேண்டும். மலாயா நூலகம், ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம், முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் தேசிய ஆவணக் காப்பகம் என்று எல்லாம் கோலாலம்பூரில் இருக்கின்றன.

பினாங்கில் இருப்பவருக்கு இது பயணச் செலவு. பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் நாலு மணி நேரம் போல ஆகும், தங்க இடமும் பார்க்க வேண்டும். போவதற்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. மலாயாவின் மாணவர் ஆய்வேட்டுக் களஞ்சியம், யு.எஸ்.எம்.மின் எப்ரிண்ட்ஸ் இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. உள்ளூர் ஆய்விதழ்களுக்கு மைஜூர்னல் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்கள் தங்களுக்குள் நூல் பரிமாறிக்கொள்ளும் வசதியும் உண்டு, உங்கள் நூலகரிடம் கேளுங்கள். நூலகரைக் கேட்காமல் ஏ.ஐ.யிடம் கேட்டு மேற்கோள் பட்டியல் வாங்கினால், இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் எழுதித் தரும். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

## யாருக்கு எது

இலக்கியம், வரலாறு, பண்பாடு என்றால் விவரிப்பு மீளாய்வு. எஸ்.எல்.ஆர். செய்யச் சொல்லி யாராவது நெருக்கினால், உங்கள் மூலங்கள் எங்கே இருக்கின்றன என்று பட்டியல் போட்டுக் காட்டுங்கள். பாட வேலையோடு சேர்ந்த முதுகலையில் சிறிய ஆய்வுத்தாள் எழுதுபவருக்கும் இதுவே போதும். தேடிய வழியை ஒரு பத்தியில் எழுதினால் நிறைவாக இருக்கும்.

முனைவர் பட்டத்தின் முதலாண்டில் இருக்கிறீர்கள், தலைப்பு இன்னும் கையில் நிற்கவில்லை என்றால் ஸ்கோப்பிங். தலைப்பு தெளிவாகும், கூடவே ஒரு கட்டுரையும் தேறலாம். கல்வியியல், உளவியல், பொதுச் சுகாதாரம் போன்ற துறையில் விளைவை அளக்கும் குறுகிய கேள்வி, அதற்கு ஏற்கனவே இருபது முப்பது ஆய்வுகள், உதவ ஓர் ஆள், ஓராண்டு அவகாசம், இந்த நான்கும் இருந்தால் எஸ்.எல்.ஆர். செய்யுங்கள். அதில் ஒன்று குறைந்தாலும் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து மறுபடி பேசுங்கள்.

ஏற்கனவே எஸ்.எல்.ஆர். என்று எழுதி, ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன் வைக்கும் புரோபோசல் டிபென்ஸ் முடித்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். தேடிய வழிமுறையையும் எண்ணிக்கையையும் அப்படியே வைத்துக்கொண்டு, தரத் தீர்ப்பு சொல்லும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்கோப்பிங் என்று பெயர் மாற்ற மேற்பார்வையாளரிடம் கேட்கலாம். கேள்வியையும் "பலன் தருகிறதா" என்பதிலிருந்து "என்னென்ன முயன்றிருக்கிறார்கள்" என்று திருத்த வேண்டும். இதைத் தரவு சேகரிக்கப் போவதற்கு முன்பே செய்யுங்கள். கேள்வித்தாள் அச்சாகி, பள்ளிகளுக்கான அனுமதிக் கடிதமும் கைக்கு வந்தபின் இரண்டாம் இயலை மாற்றினால் மூன்றாம் இயலையும் பிரித்துக் கட்ட வேண்டிவரும்.